மருதாணி விரலோடு டெல்லி விசா மையத்துக்கு

மகள் மீனாவுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள், கண் பட்டுவிடும். மாணவர் விசாவுக்குக் கைரேகை கொடுக்க டெல்லிக்குத்தான் வரவேண்டும் என்றார்கள். ஜூன் கடைசியில் திருநெல்வேலியில் ரயிலேறி நிஜாமுதீனில் இறங்கினோம். அங்கிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே மயூர் விஹார். என் நாத்தனார் கோமதி அங்கேதான் இருக்கிறாள், மத்திய அரசு வேலை.

கடவுச்சீட்டு, பல்கலைக்கழகக் கடிதம், மதிப்பெண் சான்றிதழ்களின் ஒரிஜினல், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு, தங்குமிடச் சான்று எல்லாம் ஃபைலில் பத்திரம். நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

சாயங்காலம் கோமதி, அவள் குடியிருக்கும் சொசைட்டியின் வேலியில் பறித்த மருதாணியை அரைத்து, மருமகள் மீனாவுக்குப் பத்து விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்தேன். மறுநாள் காலையில் இட்லி சாப்பிடும்போதுதான் விசா மையத்தின் மெயிலை முழுசாகப் படித்தேன். விரல் நுனியில் மருதாணி இருந்தால் கைரேகை பதியாமல் போகலாமாம். அன்றைக்குத்தான் எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்; அதை விட்டால் அடுத்த தேதி வகுப்பு தொடங்கிய பிறகுதான். கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மதினி, நான் பாவி, பிள்ளை படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே" என்று கோமதி எலுமிச்சையும் உப்புமாக எடுத்துவந்து தேய்க்க ஆரம்பித்தாள். மீனா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்பு போகவில்லை. கோமதி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு எங்களோடு கிளம்பினாள். ராஜீவ் சௌக் மெட்ரோவில் இறங்கி, ஆட்டோக்காரரிடம், "பையா, ஜல்தி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பேரமே நடக்கவில்லை.

உள்ளே மாணவியை மட்டும்தான் விடுவார்கள். நடந்ததை மீனா பிறகு சொன்னாள். கருவி முதலில் எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் முகம் சுளிக்காமல், "கோயி பாத் நஹீன்", பரவாயில்லை என்று ஈரத்துணியால் விரல்களைத் துடைத்து, ஒவ்வொன்றாக அழுத்தி, மறுபடி மறுபடி முயன்றிருக்கிறார். பின்னால் வரிசை நீண்டும் அவசரப்படவில்லை. கடைசியில் பத்தும் பதிந்தன. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

வெளியே வெயில் கொளுத்தியது. நிழலுக்கு வா என்றாலும் கோமதி வாசலை விட்டு அசையவில்லை. மீனா வந்ததும் நான், "எடுத்தாச்சா?" என்றேன். கோமதி அவள் கையைப் பிடித்து, "ஏட்டி, விரலு ரொம்ப எரியுதா?" என்றாள். காலையிலிருந்து மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இதே வேலையாக வருபவர்களுக்கு: மெயிலை ஊரிலேயே கடைசி வரி வரை படியுங்கள். ஒரிஜினலோடு இரண்டு நகல் வையுங்கள். ஒருநாள் முன்னதாக வாருங்கள். மருதாணி வைக்க ஓர் அத்தை காத்திருந்தால், கைரேகை கொடுத்துவிட்டு வந்து கையை நீட்டுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். போகிற நாட்டில் அதற்கு ஆள் இருக்காது.