சுவிஸ் முகைதீன்

காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முகைதீன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுவார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளை இரண்டு நிமிடம் முன்னே தள்ளி, மறுபடி மாட்டுவார். நேற்றும் தள்ளினார். "சுவிஸ்ல ரயிலு ஒரு நிமிசம் பிந்தாது, தெரியுமா?" என்பார், யாரும் கேட்காமலே.

சுவிட்சர்லாந்தில் அவர் இருந்தது பதினொரு நாள். மெழுகு உருக்கும் இயந்திரங்களின் கண்காட்சிக்குப் போனார். எதையும் வாங்கவில்லை. அந்த ஊர்ப் பேச்சை மட்டும் ரங்கூனுக்குக் கொண்டுவந்தார்.

ரங்கூனை அடுத்த தன்லியினில் இருக்கும் மெழுகுவர்த்தித் தொழிற்சாலையைத் தாத்தா தகரக் கொட்டகையில் தொடங்கினார். வாப்பா அப்துல் பாரி அதைக் கட்டடமாக்கினார். முகைதீன் 'நிர்வாக இயக்குநர்' என்று மூன்று மொழியில் பலகை மாட்டினார். லுங்கிமேல் கோட்டு போட்டுக்கொண்டு, "எல்லாம் என் ஒழைப்பு" என்று சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுக்கும்.

மெழுகுக் கொப்பரையை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் புஷ்பா. வயதில் மூத்தவர் என்பதால் பர்மிய வழக்கப்படி 'டோ' சேர்த்துக் கூப்பிடுவார் முகைதீன். மரியாதை அத்தோடு முடிந்தது.

"மொலாளி, சூடு காட்டுற முள்ளு நின்னுபோச்சு. ரெண்டு வாரமாச் சொல்றேன். மெழுகு என்னைக்காவது பத்திக்கிடும்."

"டோ புஷ்பா, மெஷின நாம நம்பணும். சுவிஸ்ல அப்படித்தான்."

"அங்க ரிப்பேரே பாக்க மாட்டாங்களா, மொலாளி?"

முகைதீன் மேசைப் பக்கம் திரும்பினார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, மண்டலேயிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகளுக்குக் கொப்பரையைக் காட்டினார். "பாதுகாப்புதான் எங்களுக்கு மொதல்ல..." என்று தொடங்கியபோது மெழுகு புகைந்தது, முடிப்பதற்குள் தீப்பற்றியது. மீதி வாக்கியத்தை வியாபாரிகளிடமே விட்டுவிட்டு, முகைதீன் பஸ் நிறுத்தம் வரை ஓடினார். தொழிலாளி ஒருத்தி தண்ணீர் வாளியைத் தூக்கினாள். "ஊத்தாத!" என்று கத்திய புஷ்பா, அடுப்பை அணைத்து, இரும்பு மூடியை இழுத்துக் கொப்பரைமேல் கவிழ்த்தார். தீ அணைந்தது. அவருடைய இடக்கை முழங்கை வரை வெந்துபோனது.

புகை அடங்கிய பின் முகைதீன் திரும்பி வந்தார். "தீயணைப்பு வண்டிக்கு வழி காட்டத்தான் போனேன்" என்றார். வண்டியை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

வியாபாரிகள் புஷ்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனதுதான் அவரை உறுத்தியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பழுதான முள்ளை மாற்ற ஆள் வரவில்லை. பேஸ்புக்கில் போடப் படம் எடுக்க ஆள் வந்தார். கையில் கட்டோடு நின்ற புஷ்பாவை ஓரமாகப் போகச் சொல்லி, முகைதீன் அந்த இரும்பு மூடியைத் தானே தூக்கப் பார்த்தார். மூடி அசைந்தது, உயரவில்லை.

"படத்துல விழாம, அந்தப் பக்கமா நின்னு கொஞ்சம் தாங்கிக்க, டோ புஷ்பா."

புஷ்பா வலக்கையால் தாங்கினார். மூடி மார்பு வரை எழுந்தது. படக்காரர், "சிரிங்க" என்றார்.

"கை வலிக்குது, மொலாளி" என்று புஷ்பா தன் கையை எடுத்துக்கொண்டார்.

மூடி ஒரு சாண் இறங்கியது. முகைதீனின் முழங்கால்கள் மடங்கின. சிரிப்பை மட்டும் அவர் கீழே விடவில்லை.