மடியில் வைத்து ஓர் ஊசி

எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் என்னோடு மேற்படிப்புப் பயிற்சியில் சேர்ந்தவளை எல்லோரும் 'ஏன் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். அவளுக்கும் அந்தப் பேர் பிடித்துத்தான் இருந்தது.

ரத்தம் எடுக்கும் அறைக்குள் தாய்மார்களை விடுவதில்லை. குழந்தையை மேசையில் கிடத்தி ஒருவர் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஊசி குத்துவார். உள்ளே பிள்ளை அழும். வெளியே தாய் அழுவாள். தாய் மடியிலேயே வைத்துக் குத்தினால் அழுகை சீக்கிரம் அடங்காதா என்று கேட்டாள் இவள். தாய் மயங்கி விழுந்தால் யார் தாங்குவது என்று தலைமை நர்ஸ் பேச்சை முடித்துவிட்டார். இவள் விடவில்லை. அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள்.

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். பயிற்சி முடிய ஓர் ஆய்வுக் கட்டுரை கட்டாயம்தான், அதற்குச் சுலபமான தலைப்புகள் எத்தனையோ கிடக்கின்றனவே என்றார். பிறகு அவரேதான் கையெழுத்தும் போட்டார். அனுமதி தரவேண்டிய நெறிமுறைக் குழு முதல் தடவை ஆள் சேராமல் கலைந்தது. அடுத்த தடவை, தாய்மார்களுக்கு எழுதிய விளக்கம் புரியும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியது. ஒருவழியாக அனுமதி வந்தபோது இவளை அவசரப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

வார்டுக்குத் திரும்பிய பிறகும் நேரம் வாய்க்கவில்லை. சில பிள்ளைகளுக்கு மேசையிலும் சில பிள்ளைகளுக்குத் தாய் மடியிலும் ஊசி குத்தி, குத்தியது முதல் அழுகை அடங்கும் வரை கடிகாரமும் கையுமாக நிற்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்காவது ஒரு பிள்ளைக்கு மூச்சுத் திணறும். போட்டது போட்டபடி ஓடுவாள். அந்தக் குழந்தை கணக்கில் சேராது. சில மதியங்களில் அவளுடைய வார்டு வேலையை நான் பார்த்தேன். பதிலுக்கு, வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு நான் எழுதவேண்டிய டிஸ்சார்ஜ் சம்மரிகளை அவள் எழுதித் தந்தாள், நான் எழுதுவதைவிட நன்றாகவே.

ஒருநாள் அப்படி ஓடிப்போய்த் திரும்பினால், கடிகாரம் தலைமை நர்ஸ் கையில் இருந்தது. அந்தக் குழந்தையின் கணக்கு வீணாகக் கூடாதென்று அவரே நேரம் பார்த்திருந்தார். இவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"இதச் சேத்துக்க முடியாது சிஸ்டர். நான்தான் பாக்கணும்னு அனுமதியில இருக்கு."

"ஏன், என் கண்ணு கண்ணு இல்லையா?"

அவளிடமே ஒருவர் ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே குழுவிடம் போய், நர்ஸ் பெயரையும் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தாள். அதற்கும் ஒரு காத்திருப்பு. பேர் அச்சில் வரப்போகிறதென்று நர்ஸ் வீடு முழுக்கச் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

போதுமான குழந்தைகள் சேருமுன் பயிற்சிக் காலம் முடிந்தது. மடியில் இருந்த பிள்ளைகள் சீக்கிரம் அடங்கியது உண்மைதான். ஆனால் இத்தனை குறைவான எண்ணிக்கையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று கட்டுரையில் அவளே எழுதியிருந்தாள்.

பேராசிரியர், "இத நீயே ஏம்மா எழுதுற? தேர்வாளர் கண்டுபிடிக்கட்டுமே" என்றார்.

"கண்டுபிடிக்கலைன்னா சார்?"

அவர் சிரித்துவிட்டார்.

அவள் தேர்ச்சி பெற்று வேறு மருத்துவமனைக்குப் போனாள். கட்டுரையை எந்த இதழும் ஏற்கவில்லை. ஆனால் அடுத்துச் சேர்ந்த ஒருவரிடம் அதே ஆராய்ச்சியைத் தொடரச் சொல்லி, வாரம் ஒரு மதியம் வார்டு வேலையிலிருந்து விடுவித்தார் பேராசிரியர். நாங்கள் கெஞ்சியும் கிடைக்காத மதியம் அது. செய்தி சொல்ல அவளை அழைத்தேன். எந்தக் கிழமை மதியம் என்று கேட்டாள். பிறகு, போனை சிஸ்டரிடம் கொடு என்றாள். அது என் கைக்குத் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.