வெள்ளிக்கிழமை நான் திறந்த வால்வு

குற்றாலம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட ஓர் அறையை நானும் நண்பரும் எடுத்திருந்தோம். நான் தென்காசியில் கல்லூரி ஆசிரியன், இயற்பியல். அவர் வளைகுடாவில் எரிவாயு ஆலையொன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று ஊர் திரும்பியிருந்தவர். நிக்கல் தூளுக்குள் ஹைட்ரஜனை ஏற்றிச் சூடாக்கினால், நாம் கொடுக்கும் மின்சாரத்தை மிஞ்சிய வெப்பம் வரும் என்று உலகத்தில் சிலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த அறை.

வாயு முழுக்க அவர் பொறுப்பு. ஹைட்ரஜனைக் கொஞ்சமாக விடுவார். நிக்கல் உறிஞ்ச உறிஞ்ச அழுத்தமானியின் முள் இறங்கும். அது நிற்கும்வரை காத்திருந்து மறுபடி கொஞ்சம் விடுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆறு மாதமாகியும் எதிர்பார்த்த வெப்பம் வரவில்லை.

சாரல் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, புதுத் தூளைக் குழாயில் நிரப்பி, காற்றை வெளியேற்றும் பம்பை ஓடவிட்டார்.

"ஜும்ஆ தொழுதுட்டு வந்திருதேன். பழைய பம்பு, ஒரு மணி நேரமாவது ஓடணும். அதுவரைக்கும் வால்வத் தொடாதேயும் வே."

பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு பம்பை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, வால்வைத் திறந்தேன். வெப்பநிலை எகிறியது. அதைப் படமெடுத்து, இதே சோதனையைச் செய்யும் வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்தவர் எல்லாவற்றையும் ஆறவிட்டு, குழாயின் வெளிமுனையைக் கழற்றினார். உள்ளே ஈரம்.

"தண்ணி வே. மிச்சமிருந்த காத்தும் ஹைட்ரஜனும் சேந்து எரிஞ்சிருக்கு. அந்தச் சூடுதான் இது. வெடிக்காம விட்டதே பெரிசு. காத்தச் சுத்தமா எடுத்துட்டு இன்னொரு தடவ பாப்போம்."

"இந்தச் சாரல்ல எதுதான் நனையல?" என்றேன். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வளைகுடாவுல வால்வு திருகுனவருக்கு இயற்பியல் எதுக்கு வே?" என்றும் கேட்டேன்.

சிலிண்டரை மூடினார். வழக்கம்போல இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் வரவில்லை.

அவர் சொன்னபடியே தனியாக மூன்று முறை செய்தேன். கூடுதல் வெப்பம் ஏதுமில்லை. என் தவறைக் குழுவுக்கு எழுதினேன். அது எளிதாக இருந்தது. அவர் வீட்டுக்குப் போகத்தான் இரண்டு மாதமாயிற்று.

வாசலுக்கு வந்த அவர் மனைவி சொன்னார்: "அவுக பழைய கம்பெனிக்கே போயிட்டாக. பதினஞ்சு நாளாச்சு."

போனில் பிடித்தேன். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். "நீரு சொன்னதுதான் சரி. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"பரவால்ல சார்" என்றார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாம்.

அதுவரை என்னை அவர் ஒருமுறைகூட சார் என்று அழைத்ததில்லை. அறையைக் காலி செய்துவிட்டேன். அவர் திரும்பிப் போனதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.