கனம் விட மறந்த பெட்டி

ரம்பத்தை அளந்துதான் பெட்டியின் நீளத்தை முடிவு செய்தேன். கடைசியில் அந்த ரம்பம் மட்டும்தான் அதற்குள் போகவில்லை. அந்தக் கூத்தைச் சொல்வதற்கு முன், நைட்டி தைக்கிறவளுக்கு ஆசாரி வேலை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு. செட்டியார்பட்டியில் இருந்து துணி வரும். வெட்டித் தைத்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு இரண்டு மாதம் லீவில் வருவார். மற்றப் பத்து மாதமும் வீட்டுக்கு ஆம்பளையும் நானே, பொம்பளையும் நானே. குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றுவேன். பியூஸ் போனால் கம்பி கட்டுவேன். கதவுக் கீல் ஆடினால் முடுக்குவேன். தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டுவதற்கு ஒருநாளும் ஆள் கூப்பிட்டதில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் வேண்டியது அகப்படும்.

அவர் ரிட்டயர் ஆகி வந்த முதல் வாரமே அந்த டின்னைப் பார்த்து முகம் சுளித்தார். அவருடைய கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டியைத் துடைத்து, என் சாமான்களை வரிசையாக அடுக்கிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். சாமான் என்றால் ஓர் இடத்தில் இருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும், கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். வந்த புதிது, ஆசைக்குச் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். பிறகு நன்றாக இருந்த குழாயையும் கழற்றி மாட்டினார். அது அன்றிலிருந்து ஒழுகியது.

ஒருநாள் அவர் ஆலங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இங்கே மிஷினில் நூல் சிக்கி ஊசிக்கம்பி இறுகிவிட்டது. ஒரு சின்னத் திருகாணியைக் கழற்றினால் போதும். ஸ்க்ரூ டிரைவர் டிரங்கில், சாவி ஆலங்குளத்தில். கத்தி முனையால் முயன்று விரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். சாயங்காலம் அவர் வந்ததும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் டிரங்கைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். அப்படி நீட்டியதில்தான் எனக்கு அழுகையே வந்தது. என் காசில் நான் வாங்கிய ஸ்க்ரூ டிரைவர். என் வீட்டில் நான் ஒரு திருகாணியைக் கழற்ற ஒருவரிடம் கை நீட்டி நிற்பதா? எனக்கென்று ஒரு பெட்டி வேண்டும், அதை நானே செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். ஆசாரியைக் கூப்பிட்டால் இவர் பக்கத்தில் நின்று மேஸ்திரி வேலை பார்ப்பார். மோட்டார் வைத்த மரம் அறுக்கிற மிஷின் வாங்கினால் அதையும் இவர்தான் ஓட்டுவார். அதனால் எல்லாம் கை வேலை.

எங்கள் மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். காலேஜ் பஸ்ஸில் போய்வருகிறவளுக்கு வழியெல்லாம் போனைப் பார்ப்பதுதான் வேலை. அவள்தான் மரவேலை வீடியோக்களைத் தேடிக் கொடுத்தாள். நான் நைட்டிக்குப் படம் போடுகிற பழுப்புக் காகிதத்திலேயே பெட்டிக்கும் படம் போட்டு அவளிடம் காட்டினேன். சூப்பர் என்றாள். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளையே சொல்லிவிட்டது என்று நானும் நம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய மரம் விற்கிற கடை ஒன்றில், இடித்த வீட்டுத் தேக்குக் கதவுப் பலகைகள் கிடைத்தன. முக்கால் அங்குல கனம். சாயத்தைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே தேன் நிறம். பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள் என்று லோடு ஆட்டோவில் பலகைகளோடு நானும் உட்கார்ந்து வந்தேன். உளியும் இழைப்புளியும் ரம்பமும் வாங்கப் போன கடையில், ஆசாரி என்ன சைஸ் கேட்டார் என்றார்கள். நான்தான் ஆசாரி என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, சாணைக்கல்லும் ஒன்று எடுத்து வைத்தார். நல்ல மனுஷன்.

மாடிப்படிக்குக் கீழே துணி வெட்டுகிற மேஜையைப் போட்டு வேலையைத் தொடங்கினேன். அடுத்த வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அதனால் காலையில் அறுப்பும் இழைப்பும். உளி அடிப்பதெல்லாம் அவர் எழுந்து டீ குடித்த பிறகு, நாலு மணிக்கு மேல். இழைப்புளி ஓடும்போது சுருள் சுருளாகச் சீவல் விழும் பாருங்கள், அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். முதல் இரண்டு நாள் மரம் பிய்ந்து பிய்ந்து வந்தது. பிறகுதான் புரிந்தது. துணிக்கு நேர்நூல், குறுக்குநூல் இருக்கிற மாதிரி மரத்துக்கும் ஓட்டம் இருக்கிறது. அதன் போக்கில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. தையல் சாக்பீஸால்தான் கோடு போட்டேன். மூலைகளில் ஆணி கிடையாது. இரண்டு பலகையின் ஓரத்திலும் பல் பல்லாக வெட்டி, இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போலக் கோத்துப் பசை வைப்பது. முதல் மூலைக்கு ஒரு வாரம் ஆனது. நாலாவது மூலையை இரண்டே நாளில் முடித்தேன்.

அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும்போது என் நாத்தனாரிடம், உன் மதினிக்குப் பெட்டி வேலை தலைக்கேறிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவள் என் கட்சி. “யேசப்பா பாத்த வேலைதான, பாத்துட்டுப் போறாவ. உமக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டுவிட்டாள். அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார்.

நாலு பக்கமும் அடியும் பசை பிடித்து இறுகிய அன்று, ஆசையாக ரம்பத்தை எடுத்து உள்ளே வைத்தேன். போகவில்லை. பிடியைத் திருப்பி வைத்தேன். போகவில்லை. ரம்பம் பிடியோடு இருபத்திரண்டு அங்குலம். தையலுக்கு விடுகிற பழக்கத்தில் அரை அங்குலம் கூட்டி, பலகையை இருபத்திரண்டரைக்கு அறுத்திருந்தேன். பெட்டிக்கு வெளியே அளந்தால் இருபத்திரண்டரை சரியாக இருந்தது. உள்ளே அளந்தால் இருபத்தொன்று. இரண்டு பக்கப் பலகையின் கனமும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்தைத் தின்றிருந்தது. முப்பது வருடமாக நான் அளந்த எதற்கும் கனம் என்று ஒன்று இருந்ததில்லை. துணிக்கு ஏது கனம்?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைமுடியெல்லாம் மரத்தூள், கையெல்லாம் பசை, எதிரே ஒரு தண்டப் பெட்டி. அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்து நின்றார். சிரிக்கட்டும், சிரித்தால் உளி அடிக்கிற இந்தக் கொட்டாப்புளியை எடுத்து அவருடைய டிரங்கின் மேலேயே போடுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து ரம்பத்தை எடுத்து, மூலைக்கு மூலை சாய்த்து வைத்துப் பார்த்தார். பெட்டி அகலமானது என்பதால் போய்விட்டது.

“குறுக்க வச்சா போவுது,” என்றார்.

அதை இப்படிக் குறுக்கே கிடத்தினால் மற்றச் சாமானை உங்கள் தலையிலா வைப்பது என்று வெடுக்கென்று கேட்டேன். கேட்ட வாயோடு எனக்கே யோசனை வந்தது. மூடி இன்னும் செய்யவில்லை. மூடியின் உள்பக்கத்தில் ரம்பத்தைச் சாய்வாக மாட்டினால் மூடும்போது பெட்டிக்குள் இறங்கிவிடும், கீழே இடமெல்லாம் மிச்சம். அதற்கு மூடிப் பலகையைச் சுத்தமாக அறுக்க வேண்டும். நீளப் பலகை, நான் ஒருத்தி பிடித்துக்கொண்டே அறுத்தால் துள்ளும். அதுவரை யாரையும் கேட்கக் கூடாது என்று இருந்தவள், கேட்டேன்.

“இந்த ஓரத்தைப் புடிச்சுக்கிடுங்க. செத்த நேரம் ஆட்டாம நில்லுங்க.”

பிடித்துக்கொண்டார். நான் ரம்பத்தை இழுக்க இழுக்க, பலகையை அசையாமல் பிடித்தபடி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பிடியுங்கள், அந்தப் பக்கம் வாருங்கள் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டார். எத்தனையோ பேரை லெப்ட் ரைட் போட வைத்த மனிதர். பலகை அறுந்து விழுந்ததும், தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“நான் இல்லாமயே இங்க எல்லாம் ஓடியிருக்கு. வந்து பாத்தா எனக்குன்னு ஒரு வேலை இல்ல. அதான் அந்த டப்பாவை எடுத்துப் பூட்டிக்கிட்டேன்.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. அந்தப் பத்து மாதங்களை நான் எப்படி ஓட்டினேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வந்த வீட்டில் உட்கார இடம் தேடும் ஆளாக அவர் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சாவியைக் கேட்டிருப்பேன், அது வேறு. நாளைக்கும் ஆள் வேண்டும், ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எட்டே முக்காலுக்கு வந்து நின்றார்.

மூடிக்குக் கீல் வைத்தோம். உள்ளே நகர்த்துகிற தட்டு ஒன்று செய்தோம். ரம்பம் மூடியில் சாய்வாக ஏறிக்கொண்டது. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்ததும் தேக்கு பளபளத்தது. பூட்டு வைக்கவில்லை, வைக்கலாமா என்று அவரும் கேட்கவில்லை. எண்ணெய் காய்ந்த அன்று காலையில் டிரங்கைத் திறந்து, எல்லாவற்றையும் அவரே எடுத்து வந்து மேஜையில் பரப்பினார். நான் இடம் பார்த்து அடுக்கினேன்.

மத்தியானம் நான் தைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைப் பெயிண்டும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டாளத்து டிரங்கில் இருக்குமே, நம்பர், ரேங்க், பெயர், அடியில் ஊர் விலாசம், அந்த எழுத்து. என் பெட்டியில் என் பெயரை எழுதி முடித்திருந்தார். நம்பரும் ரேங்கும் போடவில்லை. பெயருக்குக் கீழே வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தார், கதவு எண், தெரு, ராஜபாளையம் என்று ஒன்று விடாமல்.

இந்த வீட்டை விட்டு எங்கே போகப் போகிறது, இதற்கு எதற்கு விலாசம் என்று கேட்டேன்.

அவர் பிரஷ்ஷை எடுக்காமலே சொன்னார்.

“பொட்டின்னா விலாசம் இருக்கணும். இருபத்திரண்டு வருசமா தெனமும் காலையில நான் கண் முழிச்சுப் பாத்தது இந்த எழுத்தைத்தான்.”

நான் மிஷினை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த டிரங்கை அவர் ஒவ்வொரு லீவுக்கும் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நானும் தூக்கிவைத்துத் துடைத்திருக்கிறேன். அவர் பெயருக்கு அடியில் இருந்தது என் வாசல் எண் என்று ஒரு தடவையாவது நின்று வாசித்ததில்லை.

இப்போது குழாயை அவர்தான் பார்க்கிறார், மிஷினை நான் பார்க்கிறேன். எதை எடுப்பதானாலும், எடுத்துக்கிடட்டா என்று ஒரு வார்த்தை கேட்டுத்தான் எடுப்பார். வேலை முடிந்ததும் தவறாமல் திருப்பி வைப்பார், ஆனால் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் எப்போதும் இடுக்கியின் இடத்தில் வைத்துவிடுகிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்து நானே மாற்றி வைத்துக்கொள்கிறேன்.