கொட்டாங்கச்சி ஐஸ்

நாய் ஒன்று கொட்டாங்கச்சியை நக்கி நக்கிச் சிமென்டுத் தரையில் தள்ளிக்கொண்டே போகும்போது 'கொர்ர், கொர்ர்' என்று ஒரு சத்தம் வரும். நடுவில் ஐஸ் பல்லில் பட்டுக் கூசியதும் ஒரு கணம் நின்று, தலையை உதறிவிட்டு, மறுபடி தொடரும். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருவில் ஒரு கோடை முழுக்க மத்தியான வேளையில் கேட்ட சத்தம் அது. குடமுருட்டி ஆறு வெறும் மணலாகக் கிடக்க, வாய்க்காலில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லாமல், மனிதர்களே மோருக்கு அலையும் வெயிலில் ஒரு தெரு நாய்க்குப் பழ ஐஸ் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? முதல் சந்தேகம் எங்கள் வீட்டிலேயே வந்தது.

ஐஸ் செய்தவள் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. கல்யாணமான கையோடு மாப்பிள்ளை குவைத்துக்குப் போய்விட, மாமியார் வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு அந்தக் கோடையை எங்களோடு கழிக்க வந்திருந்தாள். என் அத்தாவும், அதாவது அப்பாவும், அப்போது சவுதியில்தான் இருந்தார். அவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய புது ஃபிரிட்ஜ் கூடத்தில் நின்றது. அதன் கதவைத் திறப்பதற்கே அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டும். அந்த ஃபிரிட்ஜுக்குள்தான் சின்னம்மா கொட்டாங்கச்சிகளை வரிசையாக அடுக்கினாள்.

எங்கள் வீட்டில் நாய் வாய் வைத்த பாத்திரத்தைப் புழங்க மாட்டோம். அம்மா அந்த ஒரு விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் சின்னம்மா குழம்புக்குத் துருவிய தேங்காயின் கொட்டாங்கச்சிகளைத் தேய்த்துக் கழுவி வைத்துக்கொண்டாள். நாய் நக்கி முடித்ததும் அடுப்பில் போட்டுவிடலாம், பாத்திரமும் தீட்டுப்படாது. கனிந்து கறுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, தர்பூசணித் துண்டும் பப்பாளியும் சேர்த்து, மேலே திராட்சையைத் தூவித் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பாள். மூன்று மணி வாக்கில் கம்பிக் கதவோரம் போய் 'த்தோ, த்தோ' என்று கூப்பிட்டால் செவலை வரும். செவலை என்பது யார் வீட்டு நாயும் இல்லை, தெருவோடு கிடந்தது. வயிறு மட்டும் உப்பி, மற்றதெல்லாம் எலும்பாக இருக்கும்.

என் அம்மா சந்தேகத்தோடு சேர்ந்தே பிறந்தவள். பாலைத் தொட்டுப் பார்ப்பாள், ரேஷன் அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பாள், யாராவது காரணமில்லாமல் சிரித்தால் அன்று முழுக்க அதை யோசிப்பாள். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது. வெட்கமொன்றும் இல்லை, நாலு இடத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. புருஷன் ஊரில் இல்லாத பெண் தினமும் ஒரே நேரத்தில் கதவோரம் போய் நிற்கிறாள் என்றால் நாய் ஒரு சாக்குத்தான், தெருவில் வேறு யாரோ வருகிறார்கள் என்று அம்மா முடிவு கட்டினாள். நாலாம் வகுப்பு முடித்திருந்த என்னை வேவு பார்க்க அனுப்பினாள். நானும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வந்தது செவலை மட்டுந்தான். சில நாள் டைகர் வரும்.

டைகர் பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு மாமாவின் நாய். மாமா விவசாயி, நெல் வியாபாரமும் உண்டு. டைகரைப் பிள்ளையைப் போல வளர்த்தார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் அது எப்படியோ சங்கிலியை உருவிக்கொண்டு எங்கள் கதவுக்கு வந்துவிடும். செவலைக்குத் திராட்சை பிடிக்காது, நாக்கால் ஒதுக்கித் துப்பும். டைகர் அதைத்தான் முதலில் பொறுக்கும்.

யாரும் வரவில்லை என்று நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. இவளையும் கைக்குள் போட்டுக்கொண்டாளா என்று என்னையே ஒரு பார்வை பார்த்தாள். அந்த நேரத்தில்தான் சின்னம்மா கால்நடை ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வந்தாள். செவலையின் வயிறு உப்பியிருந்தது பூச்சியால். வெறும் மாத்திரையை அது துப்பிவிடும் என்பதால் வாழைப்பழத்துக்குள் பொதித்து ஐஸாக்கிக் கொடுத்தாள். அம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தங்கை கதவோரம் நிற்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டதல்லவா? தெருவில் யாரும் தப்பாக நினைப்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, மாவு மில்லில் நாலு பெண்கள் இருக்கும்போது வலியப் போய்ச் சொன்னாள்: "எந்தங்கச்சி தெனம் வாசல்ல நிக்கிறாளேன்னு பாக்காதீங்க. நாய்க்குப் பூச்சி மருந்து வைக்கிறா."

அம்மா சொன்னது வயிற்றுப் பூச்சிக்கான மருந்து. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் வயற்காட்டுக்காரர்கள். நெல் விளைகிற ஊரில் பூச்சி மருந்து என்றால் பயிருக்கு அடிப்பது. மனம் வெறுத்தவர்கள் எடுத்துக் குடிப்பதும் அதைத்தான். அதிலும் 'மருந்து வைக்கிறா' என்றால், எலிக்கு வைப்பதைப் போல. ஒருத்தியும் திருப்பிக் கேட்கவில்லை. மாவை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

அந்த வாரமே டைகர் படுத்துவிட்டது. வாந்தி எடுத்தது, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதையும் விட்டது. மூத்திரமே போகவில்லை என்று மாமா தெருவெல்லாம் புலம்பினார். ஒரு விடியற்காலை அவர் வீட்டுக் கொல்லையில் குழி வெட்டும் சத்தம் கேட்டது. வெயில் ஏறுவதற்குள் மாமா எங்கள் வாசலில் நின்றார். கையில் ஒரு காய்ந்த கொட்டாங்கச்சி.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சண்டையோடு போயிருக்கும்.

"வாயில்லாத ஜீவன் தங்கச்சி. ஒங்க வீட்டுக்கு அது என்ன கெடுதல் பண்ணுச்சு?"

அம்மா பதறிப்போய், அது வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்த மாத்திரை, அதுவும் செவலைக்கு மட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்லப் பொய் மாதிரியே இருந்தது. பெற்ற மகள் எனக்கே அப்படித்தான் கேட்டது. தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அப்போது சின்னம்மா உள்ளே போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து வந்தாள். ஸ்பூனால் பெயர்த்து, எல்லார் கண் முன்னாலும் தின்ன ஆரம்பித்தாள். தர்பூசணி, பப்பாளி, திராட்சை, ஒன்று விடாமல். கைவிரல் விறைத்துச் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. குளிராலா அழுகையாலா தெரியவில்லை.

"நாய் தின்ன அதே ஐஸுதான். நான் செத்தேன்னா நம்புங்கண்ணே."

மாமா கடைசி வாய் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்ததை எங்கள் மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். சின்னம்மா சாகவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்துவிட்டதாக நினைத்தால் உங்களுக்கு எங்கள் தெருவைத் தெரியாது. எதில் மருந்து வைத்தாள், எதில் வைக்கவில்லை என்று வைத்தவளுக்குத் தெரியாதா என்று பேசினார்கள். மருந்து தின்றதாகச் சொல்லும் செவலை எப்படிக் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது என்று கேட்டார்கள். நோன்பு மாதத்தில் வருடம் தவறாமல் நாங்கள் கொடுக்கும் கஞ்சியை அந்த வருடம் மாமா வீட்டில் வாசலிலேயே மறித்து, "வயிறு சரியில்லங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனவள் நான்தான். அதே பதில் அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும். ஊருக்கே வயிறு சரியில்லாமல் போன நோன்பு அது.

சின்னம்மாவின் மாமியார் வீட்டுக்கும் சேதி போய்விட்டது. வெகுநாள் வரை அந்த அம்மாள் மருமகள் போட்ட டீயை, முதலில் அவளை ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் குடித்தாராம். சின்னம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குக் கேட்கும்போதெல்லாம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். தன் பேரில் விழுந்த பழியை அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை, எந்தக் கல்யாண வீட்டில் நாய்ப் பேச்சு வந்தாலும் முழுக் கதையையும் சொல்லி, "தின்னுட்டு இன்னிக்கி வரைக்கும் கல்லாட்டம் இருக்கேன். இவ கூட இருந்தா, கேளுங்க இவள" என்று என்னைக் காட்டுவாள். ஆமாம், ஒன்றுமே இல்லை, வெறும் பழம்தான் என்று நானும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வேன். எதையும் சந்தேகிக்கிற நான், அந்த ஒன்றை மட்டும் சந்தேகித்ததே இல்லை.

இப்போது தஞ்சாவூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகள் கோகோ என்று ஒரு நாய் வளர்க்கிறாள். போன கோடையில் அவள் போனில் பார்த்து நாய்க்குப் பழ ஐஸ் செய்ய உட்கார்ந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதெல்லாம் நாங்கள் அந்தக் காலத்திலேயே செய்துவிட்டோம் என்று ஒரு பிடி திராட்சையை அள்ளி அச்சில் போட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "அம்மா, திராட்சை நாய்க்கு விஷம்மா."

வழக்கம்போல நம்பவில்லை. என் போனில் நானே தேடினேன், ஓர் இடத்தில் இல்லை, பல இடத்தில். மனிதரை ஒன்றும் செய்யாது. சில நாய்களுக்குத் தாங்கும், சிலவற்றுக்குச் சிறுநீரகமே போய்விடும். வாந்தி எடுக்கும், தாகமெடுக்கும், பிறகு மூத்திரம் நின்றுபோகும். அதற்குமேல் படிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. மாமா வீட்டில் நெல் மூட்டைகளுக்கு நடுவே எலி மருந்து எப்போதும் கிடக்கும். டைகர் அதைத் தின்றிருக்கலாம். கேட்கலாமென்றால் மாமா இல்லை. அந்த வீடு கைமாறி இடித்துக் கட்டியாகிவிட்டது, கொல்லை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. தெருவில் அந்தக் கதை தெரிந்தவர்கள் இரண்டு பேர் தேறினால் அதிகம். என்னிடம் இருந்த ஒரே ஒரு நிச்சயமும் போய்விட்டது.

போன மாதம் சின்னம்மா வந்திருந்தாள். மகள் ஐஸ் அச்சை எடுத்ததைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, முழங்கால் வலியை மறந்து சமையலறைக்கு எழுந்து வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து திராட்சைக் கொத்தை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். அது புளிப்பு சின்னம்மா, கோகோ தொடாது என்றேன்.

ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இனிக்குதேடி" என்றாள். பிறகு என் மகளைப் பார்த்து, "டைகருக்கு இதுன்னா உசுரு. பாவம், பாசமா வந்து நிக்கும், அதுக்குன்னே ரெண்டு கை சேத்துப் போட்டு வைப்பேன்" என்றாள்.

மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அடுத்த வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. சின்னம்மா கதையைச் சொல்லிவிட்டு என் பக்கம் கை காட்டுவாள். ஆமாம், வெறும் பழம்தான் என்று சொல்வேன்.