இசக்கிமுத்து படிக்காமல் விட்டுப்போன பெயர்கள்

இசக்கி போய்விட்டான்...

முந்தாநாள் காலை. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, நண்பன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறான். ஒரகடம் வருவதற்குள் வண்டி சறுக்கிவிட்டது. ஓட்டிய பையன் பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். இவன் ஆஸ்பத்திரி வரைகூட வரவில்லை.

என் பேத்தி திவ்யா நடத்தும் பாட்டுப் பேஜில் நீங்கள் கேட்ட பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டவன் இவன்தான். இவனும் திவ்யாவும்தான் பாடுவார்கள். வீடியோ, எடிட்டிங், கமெண்டுக்குப் பதில் எல்லாம் திவ்யா. யாரும் சொல்லித் தரவில்லை, தானாகக் கற்றுக்கொண்டாள். என் பேத்தி என்பதால் சொல்லிக்கொள்கிறேன்.

இசக்கிமுத்துவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வல்லம் வடகாலில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டு வருடமாக எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருந்தான்.

மெஷின்கள் ஓடுகிற லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ரூமிலேயே வைத்துவிட்டுப் போவான். ஆனால் மெட்டு அவனுக்கு மெஷின் ஓடும்போதுதான் வரும். அதை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு வந்து, ரூமில் போனை எடுத்துப் பாடி வைப்பான். பஸ்ஸில் அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் அவனிடம் பேச மாட்டார்களாம்.

எனக்கு அது தெரியாது. அவன் வந்த புதிதில் ஒருநாள், வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தான்.

"இன்னாடா, பல்லு வலியா? கிராம்பு தரட்டா?"

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? காலைல மோட்டார நிறுத்தாம போனது நீதான?"

"நான் இல்ல ஆச்சி" என்றான். சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு... மெட்டு போச்சு ஆச்சி. மத்தியானத்துல இருந்து வாய்க்குள்ளயே வச்சிருந்தேன்."

"வாய்க்குள்ள வச்சிகினு வர்றதுக்கு அது இன்னா வெத்தலையா?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த மெட்டு திரும்ப வரவே இல்லை. ஒரு மாதம் தேடினான். அதற்குப் பிறகு, அவன் மாடி ஏறி முடிக்கும்வரை நாங்கள் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துவிடுவோம்.

ஸ்டூடியோவுக்கெல்லாம் போக வசதி இல்லை. என் பீரோவைத் திறந்து வைத்து, புடவைகளுக்குள் தலையை விட்டுப் பாடுவான். துணி இருந்தால் எதிரொலி வராதாம்.

"பாச்சா உருண்ட நாத்தம் தொண்டையக் கட்டுது ஆச்சி."

"ஓசி ஸ்டூடியோவுல சென்ட்டு வேற அடிப்பாங்களா? பாடுறா."

சினிமாக்காரர் ஒருவர் பேஜைப் பார்த்துவிட்டு ஒரு மெட்டைக் கேட்டார். பணம் தருவாராம், பேர் மட்டும் போட மாட்டாராம். இவன் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அப்போதுதான், அந்தப் பாட்டை நாமே போடலாம், செலவுக்குப் பாட்டுக் கேட்கிற ஜனங்களிடமே பணம் கேட்போம் என்று திவ்யா க்யூஆர் கோடு போட்டாள். லைனில் வேலை செய்கிற பிள்ளைகள், ஹாஸ்டல் பெண்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று எத்தனையோ பேர் போட்டீர்கள். ஆளுக்கு ஐம்பதோ நூறோ... பணம் கொடுத்த ஒவ்வொருவர் பேரையும் பாட்டு முடிந்ததும் தன் குரலிலேயே சொல்வதாக இசக்கி வாக்குக் கொடுத்தான். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக்கில் சொல்வார்களே, அதுபோல.

பாட்டு முடிந்துவிட்டது. பேர் படிப்பது மட்டும்தான் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வீக் ஆஃப். பேர் எழுதி வைத்த நோட்டோடு கீழே வந்தான். நான்தான் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "இன்னிக்கு அஷ்டமிடா. இத்தினி பேரு பேரப் படிக்கிறது நல்ல காரியம். அட்த்த ஞாயித்துக்கெயம வச்சிக்கோ."

"யூடியூபுக்கு ஏது ஆயா அஷ்டமி? உன்னோட ரோதனையாப் போச்சு!" என்று திவ்யா சண்டைக்கு வந்தாள்.

அவன்தான் நோட்டை மூடினான். "விடு திவ்யா. ஆச்சி சொன்னா சரிதான். ஒரு வாரம்தானே."

ஒரு வாரம்தானே என்றான்...

முந்தாநாள் சேதி வந்த பிறகு, மாடி ரூமில் அவன் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. 'அம்மா' என்று வந்தது. நான்தான் எடுத்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

நேற்று சாயங்காலம் அவனை ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று நேற்று இரவு திவ்யா பேஜில் எழுதினாள். ஒருவரும் கேட்கவில்லை. பாட்டைப் போடுங்கள் என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தீர்கள். பேர் யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு பெண் கேட்டிருந்தது.

திவ்யாவால் முடியவில்லை. இரண்டு பேரைப் படிப்பதற்குள் அழுகிறாள். "நீ படி ஆயா" என்று நோட்டை என் மடியில் வைத்தாள். அவனைப் படிக்கவிடாமல் தள்ளிப்போட்டவள் நான். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்...

இன்று காலை படித்தேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படித்தேன். உங்கள் யார் பேரையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள். அவனாக இருந்தால் அழகாகச் சொல்லியிருப்பான்.

கடைசிப் பக்கத்தில், எல்லோருக்கும் கீழே, 'லோகநாயகி ஆச்சி' என்று எழுதியிருந்தான். திவ்யாவுக்குத் தெரியாமல் நானும் ஒரு நூறு ரூபாய் அவன் கையில் கொடுத்திருந்தேன். அவன் குரலில் என் பேரைக் கேட்கலாம் என்று ஓர் ஆசை.

அதை மட்டும் படிக்கவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

பாட்டு நாளை வரும். கேளுங்கள்.

போய்ட்டு வாடா கண்ணு.