கடலில் விழாத மதிப்பெண்

தூத்துக்குடியில் கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கு தோணியில்தான் கரைக்கு வரும். இடையில் மூட்டைகள் கடலில் விழுவதைத் துறைமுகக் குமாஸ்தாவான நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் என் மகள் எஸ்தர் கடலுயிரியல் பாடத்தை மட்டும் வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது பயந்தேன். இரு பல்கலைக்கழகங்களும் பேசிவைத்த ஏற்பாடுதான். ஆனாலும் அந்த மதிப்பெண் இங்கே அவள் கல்லூரிக்கு வந்து சேராவிட்டால் பட்டமே கிடைக்காது.

முடிவு கேட்க எஸ்தருடன் கல்லூரிக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அங்கன எழுதுன பரீட்சையும் சேத்தாச்சு. உங்க மவதான் முதல் மார்க்கு" என்றார் கல்லூரி எழுத்தர்.

எஸ்தர் சிரித்தாள். "என்னப்பா, சரக்கு நனையாம வந்துட்டுல்லா?"

இப்போதெல்லாம் தோணி வரும்போது, விழும் மூட்டைகளை அல்ல, கரையேறும் மூட்டைகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.